சாய்ந்து உறைந்த நெய்

அத்தியாயம் பதினாறு

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கமருன்னிஸாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது புருஷன் இல்லை, பிரிட்ஜில் இருந்த டப்பாதான். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவனை விட்டுவிட்டு டப்பாவை நினைக்கிற பெண்டாட்டி உண்டா என்று அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். அந்த டப்பாவுக்குள் இருந்தது அவனுடைய பங்கு.

நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் ஹபீபுன்னிசாவின் நிக்காஹ் நடந்ததும், சவூதியில் தம்மாமில் இருந்த அவள் அண்ணன், கமருன்னிஸாவின் புருஷன் ஜெக்கரியாவுக்குக் கம்பெனி லீவு தராமல் இழுத்தடித்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. கல்யாணத்தன்று டெலிபோனில் அவன் பாதிப் பேச்சு அழுகையாகத்தான் வந்தது. கடைசியில் அவனே தேறிக்கொண்டு சொன்னான்.

"என் பங்கை எடுத்து வைங்க உம்மா. ஐஸ்பெட்டி நான் வாங்கிக் கொடுத்ததுதானே, ஒரு டப்பாவுக்கு இடம் தராதா?"

அவன் தாய் மெஹராஜ் பேகம் பந்தலுக்குப் போய், சமையல் பண்டாரி இறக்கி வைத்திருந்த பெரிய தேக்சாவிலிருந்து தன் கையாலேயே இறைச்சிக் குழம்பை, அதாவது ஆணத்தை, அள்ளினாள். நல்ல நெஞ்செலும்பு, ஈரலில் இரண்டு துண்டு, நெய் மிதக்க நாலு கரண்டி. மகன் அனுப்பிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவில் அது நிறைந்தது. ஆறிய பிறகு அதை மேலறையில், ஐஸ் பிடிக்கிற இடத்தில், மட்டமாகப் பார்த்து வைத்தவள் கமருன்னிஸா.

அதன் பிறகு அவள் நாகூரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போனாள். உடம்பு சரியில்லாத தாயோடு பதினோரு நாள் இருந்துவிட்டு, திங்கட்கிழமைதான் கீழ்வேளூர் திரும்பினாள். வந்ததிலிருந்து மாமி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவளுக்கு ஒரு குறை. அது கோபம் இல்லை, வேறு என்னவோ என்று மட்டும் புரிந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே டப்பாவை மேலறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தாள். நீர் கசிந்தால் மற்றதில் படக்கூடாது என்று அடியில் ஒரு தாம்பாளம். மெஹராஜ் பேகத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"நாளைக்குத் திங்கிறதுக்கு இன்னைக்கே எடுத்து, அதையும் பெட்டிக்குள்ளயே வைக்கிறியே. காலையில கெணத்தடியில வெயில்ல வச்சா ஒரு மணி நேரத்துல இளகிடப் போவுது."

"வெளியில வச்சா மேல்பக்கம் மட்டும் இளகிச் சூடாயிடும் மாமி. நடுவுல கல்லாட்டம் இருக்கும். நடு இளகுறதுக்குள்ள மேல கெட ஆரம்பிச்சுடும். உள்ளயே வச்சா மெதுவா இளகும், குளிரும் விடாது. உங்க மகன் சொன்னதுதான்."

"அவன் சொல்லுவான். அங்க வேற வேலை என்ன."

ஜெக்கரியாவின் வேலையே அதுதான். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற கேட்டரிங் கம்பெனியில் கோல்டு ஸ்டோர் பார்க்கிறவன். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவான். பாதி காதல், பாதி கறிக்கிடங்கு.

வியாழக்கிழமை டப்பாவின் மேல் பனி வெள்ளையாக அப்பியிருந்தது. உள்ளே இருந்தது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பிரிட்ஜைத் திறந்தபோது பனி விட்டிருந்தது. கமருன்னிஸா டப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

நெய் சாய்ந்திருந்தது.

இறைச்சி ஆணத்தை ஆறவைத்தால் நெய் மேலே வந்து, ஒரே கனத்தில் மட்டமாக உறையும். அப்படித்தான் அவள் வைத்தபோது உறைந்தது, அவளே பார்த்திருக்கிறாள். இப்போது டப்பாவின் ஒரு மூலையில் நெய் மூன்று விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. எதிர் மூலையில் எலும்பு மொட்டையாக வெளியே தெரிந்தது. ஒரு முறை முழுக்க இளகி, டப்பா சாய்ந்து கிடக்கும்போது மறுபடி உறைந்தால் ஒழிய, நெய் அப்படி நிற்காது.

மேலறையைத் திறந்தாள். தனித்தனியாக வைத்துவிட்டுப் போன கொடுவா மீன் துண்டுகள் ஒரே கட்டியாகி, அடியில் இளஞ்சிவப்பாக ஐஸ் பிடித்திருந்தது. அதுவும் இளகி உறைந்ததுதான்.

டப்பாவின் மூடியை லேசாகத் தூக்கினாள். கல்யாண வீடே எழுந்து வந்த மாதிரி இருந்தது. பட்டை, ஏலம், வறுத்த தேங்காய், அந்தப் பண்டாரியின் கை. கெட்ட வாடை ஒரு துளி இல்லை. நாக்கில் எச்சில் ஊறியது. கெட்டுப்போன வாடை அடித்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாவது கேசட்டோ ஐந்தாவதோ, அவன் குரல் அப்படியே காதில் இருந்தது. 'எங்க ஸ்டோர்ல யாரும் மூக்கை நம்ப மாட்டாங்க கமரு. போன மாசம் ஒரு லாரி வழியில நின்னு குளிர் விட்டுப்போச்சு. பார்த்தா நல்லா இருக்கு, மோந்தாலும் நல்லா இருக்கு. சூப்பர்வைசர் அத்தனையும் கொட்டச் சொல்லிட்டான். எங்க கேம்ப்ல ஒருத்தன் ரெண்டு பொட்டலத்தை எடுத்துட்டு வந்து நல்லாக் கொதிக்க வச்சான். நாலு பேர் ஆஸ்பத்திரில கெடந்தாங்க. கொதிச்சா கிருமி சாவும், ஆனா அது ஏற்கெனவே கக்கி வச்ச விஷம் சில சமயம் சாவாது.'

அதைக் கேட்டபோது, புருஷன் பேசுகிற பேச்சா இது என்று சலித்துக்கொண்டிருக்கிறாள்.

மாமி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, நான் இல்லாதப்ப கரண்ட் ரொம்ப நேரம் போச்சா?"

"கரண்ட்டா? போயிருக்கும். இந்த ஊர்ல கரண்ட் போவாம இருக்குமா." மெஹராஜ் பேகம் நிமிரவே இல்லை. உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள்.

கமருன்னிஸா கொல்லைப்பக்கம் போனாள். கிணற்று மோட்டாரின் கறுப்புக் குழாய் துவைக்கிற கல்லின் மேல் சுருட்டி வைத்திருக்க வேண்டியது. அது மூங்கில் வேலிக்கு அடியில் நுழைந்து வயல் பக்கம் போயிருந்தது.

வேலிக்கு அப்பால் அவர்களுடைய மூன்று ஏக்கர். மாமனார் உயிரோடு இருந்த காலத்திலிருந்து நடராசன் குத்தகைக்கு உழுகிற நிலம். இந்த வருஷமும் மேட்டூர் உரிய நாளில் திறக்கவில்லை. எந்தக் கட்சி மேடை போட்டாலும் பேச்சில் காவிரி வந்துவிடுகிறது, வாய்க்காலுக்குத்தான் வரமாட்டேன் என்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெடித்த மண். அதன் நடுவில் நடராசனின் நாற்றங்கால் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

நடராசன் வரப்பில் குந்தியிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"வாங்க சின்னம்மா. நாகூர்ல அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"தேவலாம். நாத்து நல்லா இருக்கே."

"பாயம்மா குடுத்த உசுருங்க. நாலு ராத்திரி மோட்டார் ஓடுச்சு. நீங்க வந்ததுலேர்ந்து ஓடல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாத்துக்கு இருபது நாளாச்சு. இன்னும் பத்து நாள் ஈரம் காட்டினாப் போதும். அதுக்குள்ள வாய்க்கால்ல முறைத் தண்ணி வந்துடும்னு சொல்றாங்க. பாயம்மா உங்ககிட்ட சொல்லலிங்களா?"

"நான்தான் கேக்கல," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வருகிற கரண்ட்டில் மோட்டாரும் பிரிட்ஜும் சேர்ந்து ஓடாது. லைட் மங்கி, ஸ்டெபிலைசர் டக்கு டக்கென்று அடித்துக்கொள்ளும். ஏதாவது ஒன்றைத்தான் ஓட்ட முடியும்.

இதில் என்ன பெரிய ரகசியம் என்று கேட்டால், மாமியின் மூத்த மகன் நெய்னா முகம்மதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறவர், அங்கேயே குடியிருக்கிறவர். கிழக்கே கடலோரத்திலிருந்து இறால் பண்ணைக்காரர்கள் வயல் வயலாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நெய்னாவும் ஜெக்கரியாவும் விற்பதென்று போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நடுவில் ஒரே தடங்கல், நடராசன். பதிவான குத்தகைக்காரரை உழவு நடக்கிறவரைக்கும் அசைக்க முடியாது. இந்த வருஷம் நாற்று காய்ந்து நிலம் தரிசாகக் கிடந்தால், மனசு விட்டுப்போய் அவரே குத்தகையை எழுதிக் கொடுத்துவிடுவார் என்பது நெய்னாவின் கணக்கு. அந்த நாற்றுக்குத்தான் சொந்தத் தாயே தண்ணீர் பாய்ச்சியிருக்கிறாள்.

கமருன்னிஸாவுக்கு இதில் ஒன்றும் இல்லையென்று நினைக்காதீர்கள். நிலம் விற்றால் ஜெக்கரியா நாகப்பட்டினத்தில் மீனுக்கு ஒரு கோல்டு ஸ்டோர் போட்டு இங்கேயே இருந்துவிடுவான். கேசட்டில் அவன் அதைச் சொன்ன இடத்தை அவள் ஓட்டி ஓட்டிக் கேட்டதில் டேப்பே இழுத்துப்போய்விட்டது. விற்காவிட்டால் இரண்டு மாத லீவு முடிந்ததும் மறுபடி விமானம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் அவனோடு வாழ்ந்தது மொத்தம் பதினோரு மாதம்.

மெஹராஜ் பேகம் கிணற்றடிக்கு வந்து நின்றாள். மருமகள் குழாயைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நடராசன் சொல்லிட்டானா?"

"நெய் சொல்லுச்சு மாமி. அவர் அப்புறம் சொன்னார்."

மாமிக்கு அது புரியவில்லை. கமருன்னிஸா டப்பாவை எடுத்து வந்து காட்டினாள். மெஹராஜ் பேகம் அந்தச் சாய்ந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ராத்திரி பிளக்கைப் புடுங்குவேன், சுபுஹுக்கு எழுந்து மாட்டுவேன். மூணாவது நாள் மாட்ட மறந்துட்டேன் புள்ள. சாயந்திரம் அசர் தொழுதுட்டு வந்து பாக்குறேன், தரையெல்லாம் தண்ணி. தொடச்சுட்டு எல்லாத்தையும் அப்படியே அடுக்கிட்டேன். மீன் பொட்டலத்து மேல வச்சதுல சாஞ்சிருக்கும்." அவள் முந்தானையால் டப்பாவைத் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "நல்லாத்தானே மணக்குது கமரு. ஒரு கொதிக்கு ரெண்டு கொதி விட்டுடுவோம்."

"வேணாம் மாமி. பகல் பூரா வெளியில கெடந்த மாதிரிதான் அது. திரும்ப உறைஞ்சதால நல்லதாயிடாது."

"அவன் தங்கச்சி கல்யாணச் சாப்பாடு. அதை இன்னொரு தரம் ஆக்க முடியுமா நம்மால?"

மாமியின் கண் கலங்கியதைப் பார்க்க அவளுக்கும் தாங்கவில்லை.

"எதுக்கு மாமி இப்படிச் செஞ்சீங்க? ஒரு வார்த்தை மகன்கள்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னைக் கேட்டுட்டா அவனுங்க விக்கிறானுங்க? உப்புத் தண்ணியக் கொண்டாந்து வேலிக்குப் பின்னால கட்டுவான். ரெண்டே வருஷத்துல இந்தக் கெணறு உப்பாயிடும். அதை நெய்னாவா குடிக்கப் போறான்? நான்தானே குடிக்கணும். இன்னொண்ணும் இருக்கு. நடராசன் பொண்டாட்டி செவ்வந்தி வந்து வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னா. வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்."

பிறகு மாமி மெல்லக் கேட்டாள்.

"கரண்ட் போச்சுன்னு சொல்லிடேன்."

"உங்க மகன் இன்னைக்குத்தான் வர்றாங்க. முதல் பேச்சே பொய்யா இருக்க வேணாம் மாமி. நீங்க செஞ்சதை நானா சொல்ல மாட்டேன். இது அவங்க பங்கு, அவங்க கண்ணால பார்த்துட்டு அவங்களே கொட்டட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

மெஹராஜ் பேகத்துக்கு இது நியாயமாகப் பட்டது. டப்பாவைப் பார்த்து மகனுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தாள். அவனுக்கு என்னென்ன தெரியும் என்பது கமருன்னிஸாவுக்குத் தெரியும். வாயைத் திறக்காமலேயே காட்டிக்கொடுக்க வழி கிடைத்துவிட்டது. டப்பாவைத் திரும்பப் பிரிட்ஜில் வைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. ஆனாலும் வைத்தாள்.

உடனே ஆள் அனுப்பிப் புதிதாக ஆட்டிறைச்சி வாங்கி வரச்சொன்னாள். மாமியும் மருமகளும் புது ஆணம் காய்ச்சினார்கள்.

பதினோரு மணிக்கு வேன் வந்து நின்றது. ஜெக்கரியா இளைத்திருந்தான். முன்மண்டையில் முடி விலகியிருந்தது. தாயைக் கட்டிக்கொண்டான், அவனைப் பார்க்க வந்திருந்த தங்கையின் தலையைத் தடவினான். பெண்டாட்டியைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டான். அவளும் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் அப்போது முடிந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். கூடத்தில் பாய் விரித்து நடுவில் சஹன் வைத்தாயிற்று. அகலமான அந்த ஒரே தட்டைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நெய்னா முகம்மது, ஜெக்கரியா, புது மாப்பிள்ளை மீரா உசேன். நெய்ச்சோறு வந்தது, ஆணம் வந்தது.

"அதெல்லாம் சரி, என் பங்கு எங்க?" என்றான் ஜெக்கரியா.

கமருன்னிஸா எழுவதற்குள் ஹபீபுன்னிசா ஓடிவிட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, நானா என்று கூப்பிடுகிற அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"நாற்பத்தொரு நாளா காவல் காத்து வச்சிருக்கோம் நானா. சூடு பண்ணி எடுத்துட்டு வரட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். டப்பாவைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. டப்பாவை மெல்லச் சாய்த்தான். உள்ளே இருந்த நெய்க்கோடு தரைக்கு மட்டமாக வந்ததும் கையை நிறுத்தினான். எந்த மாதிரி சாய்ந்து கிடந்தபோது அது உறைந்தது என்று இப்போது யார் பார்த்தாலும் தெரியும். நல்லவேளையாக மற்ற இருவரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது வேணாம்மா," என்றான். "பெட்டி நின்னுருக்கு. நல்லா இளகித் திரும்ப உறைஞ்சிருக்கு. யாரும் திங்கக்கூடாது."

நெய்னா முகம்மது நிமிர்ந்தார். "எப்படிடா நிக்கும்? இந்த மாசம் கரண்ட் பெருசாப் போவவே இல்லையே. என் கடையும் இதே லைன்தான். ஃபேன் நின்னா எனக்குத் தெரியாதா?"

மெஹராஜ் பேகத்தின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஜெக்கரியா தாயைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். கமருன்னிஸா தலையைக் குனியவில்லை.

"கரண்ட் போவணும்னு இல்ல நானா. பிளக் கழண்டாலும் நிக்கும். நான் பாத்துக்குறேன்."

ஹபீபுன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லாக் கொதிக்க வச்சா ஆவாதா? உங்களுக்குன்னு உம்மா பார்த்துப் பார்த்து அள்ளுனது."

"உன் கல்யாணத்துக்குத்தான் நான் வரல. அந்தக் கல்யாணச் சாப்பாட்டைக் குடுத்து உன் மாப்பிள்ளைய ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போவேன்?"

மீரா உசேன் சிரித்தான், அவளும் அழுகையோடு சிரித்தாள். ஜெக்கரியா மூடியைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு ஆழமாக இழுத்தான். மறுபடி இறுக்கி மூடினான்.

"என் பங்கு வந்துடுச்சு," என்று சொல்லி டப்பாவைப் பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

மெஹராஜ் பேகம் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள்.

சாப்பிட்டு முடித்ததும் நெய்னா தோல்பையைத் திறந்து காகிதங்களை எடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கிராம அதிகாரியை அழைத்து வந்து காய்ந்துபோன நாற்றங்காலைக் காட்டுவதாகவும், அதைப் பார்த்தபிறகு நடராசன் மறுபேச்சுப் பேசமாட்டார் என்றும் சொன்னார்.

"நீங்க பாத்தீங்களா நானா?"

"பத்து நாளைக்கு முன்னாடி பாத்தேன். மஞ்சப் பத்திக் கெடந்துச்சு. இந்த வெயிலுக்கு இந்நேரம் சருகாயிருக்கும்."

கடை திறக்கிற நேரமாயிற்று என்று நெய்னா எழுந்தார். மீரா உசேனும் ஹபீபுன்னிசாவும் வேனில் கிளம்பினார்கள்.

அசருக்குப் பிறகு ஜெக்கரியா மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனான். நாயோ பூனையோ தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டினான். ஆணத்தையும், மீன் கட்டியையும், மேலறையில் இருந்த மற்றதையும் கொட்டி மூடினான். மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தவன், வேலிக்கடியில் போன குழாயையும் வேலிக்கு மேலாகத் தெரிந்த பச்சையையும் பார்த்தான். அப்படியே வெகுநேரம் நின்றான்.

உள்ளே வந்தபோது கமருன்னிஸா காலியான பிரிட்ஜைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?"

"மாமிய நான் எப்படிக் காட்டிக்கொடுக்கறது? பார்த்தா உங்களுக்கே தெரிஞ்சிடும்னு இருந்துட்டேன்."

"அப்ப சொல்லிட்டன்னுதானே அர்த்தம்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "ஆமா. தெரிஞ்சா தண்ணிய நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன். நிலம் கைக்கு வந்தா நீங்க இங்கயே இருப்பீங்கன்னு நெனச்சேன்." துணியை வாளியில் போட்டாள். "ஆறு வருஷமாப் பேச்சைக் கேசட்டுலதான் கேக்குறேன்."

அவன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். கையெல்லாம் மண்.

"இருக்கணும்னுதான் எனக்கும். அந்த மீன் ஸ்டோருக்குப் பேரு கூட வச்சிட்டேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "விக்கிறதா வேணாமான்னு உட்கார்ந்து பேசிக்கலாம் கமரு. உம்மாவையும் வச்சுக்கிட்டுப் பேசலாம். வளந்து நிக்கிற நாத்தைக் காயப்போட்டு எழுதி வாங்குறது என்னால ஆவாது. இன்னும் எத்தனை நாள் தண்ணி வேணுமாம்?"

ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம்.

"பத்து நாள்," என்றாள் அவள்.

ஜெக்கரியா எழுந்து பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். "காலியாக் கெடக்குற பெட்டிக்குக் கரண்ட் எதுக்கு?"

கொல்லைக்குப் போய்க் குழாயை நாற்றங்கால் பக்கம் இழுத்துவிட்டுக் குரல் கொடுத்தான். நடைச் சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சைக் கமருன்னிஸாதான் போட்டாள். மோட்டார் உறுமி எழுந்தது. பொழுது சாய்ந்து மஃரிபுக்காகப் போட்டிருந்த பல்பு மங்கி, மஞ்சளாக நடுங்கியது. அடுப்படி வாசலில் மெஹராஜ் பேகம் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தெருவில் ஸ்கூட்டர் வருகிற சத்தம் கேட்டது. கமருன்னிஸாவின் கண் நாற்காலியில் மாட்டியிருந்த தோல்பையின் மேல் போயிற்று. சட்டென்று சுவிட்சை அணைத்தாள். பல்பு பளிச்சென்று ஆயிற்று.

நெய்னா முகம்மது உள்ளே வந்தார். "பையை விட்டுட்டுப் போயிட்டேன்." எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டவர், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "என்ன, பிரிட்ஜ் சத்தத்தையே காணோம்?"

"காலியா இருக்கு மச்சான். கழுவி நிறுத்தி வச்சிருக்கோம்," என்றாள் கமருன்னிஸா.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியேறினார். செருப்புச் சத்தம் வாசல்படி இறங்கிப் போயிற்று.

கொல்லையிலிருந்து ஜெக்கரியாவின் குரல் வந்தது. "என்ன, நின்னு போச்சு?"

கமருன்னிஸா சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். பத்து நாள் தண்ணீர் போனால் நாற்று வயலுக்கு ஏறும். நாற்று ஏறினால் இந்த வருஷம் நிலம் கைமாறாது. இரண்டு மாதத்தில் அவன் பெட்டி கட்டுவான், மறுபடியும் கேசட் வரும். இத்தனையும் தெரிந்தேதான் அவள் விரல் சுவிட்சை அழுத்தியது. பல்பு மங்கியது. வேலிக்கு அப்பால் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் ஸ்கூட்டர் இன்னும் கிளம்பவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.